எம்ஜிபியில் வி8 வைத்தால் மூக்கு கனக்குமா?

பிஸ்டன் பித்தன்:
சென்ற வாரம் இங்கே ஒருவர், தன்னுடைய 1971 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) புகை தள்ளுகிறது, அதில் ரோவர் வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை வைக்கலாமா என்று கேட்டார். உடனே அசல்வாதி, "வைத்தால் மூக்கு கனத்து, வளைவில் வண்டி திரும்பாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ரோவர் வி8 அலுமினியம். எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் இரும்பு. வி8 சுமார் 40 பவுண்டு குறைவு. மூக்கு எப்படிக் கனக்கும்?

அசல்வாதி:
எதிலிருந்து எதைக் கழித்து 40 வந்தது? இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பெரிய ரேடியேட்டர் எல்லாம் காற்றிலா தொங்குகின்றன? நான் சொன்னது வண்டியின் முன்பக்கத்தை. புகைக்கு மருந்து ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்வது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து, புதிய பேரிங் போட்டு, ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்றபடி வால்வு சீட்டை மாற்றினால் போதும். காரோடு பிறந்த, எண் பொருந்திய எஞ்சினைக் கழற்றிப் போடுகிறவருக்குப் பழைய கார் எதற்கு?

பிஸ்டன் பித்தன்:
1973 முதல் 1976 வரை எம்ஜி தொழிற்சாலையே இந்த எஞ்சினோடு 2591 எம்ஜிபி ஜிடி வி8 கார்களைக் கட்டியது. 3528 சிசி, 137 குதிரைத்திறன். உங்கள் அசலில் 95. அந்த அபிங்டன் தொழிற்சாலைக்காரர்கள் கண்ணில் படாத மூக்கு உங்களுக்கு மட்டும் தெரிகிறதோ? கனத்த மூக்கு எம்ஜிபியின் உடன்பிறப்பான எம்ஜிசி காருடையது. 1967இல் வந்த 2912 சிசி ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சின்தான் முன்பக்கத்தை அழுத்தியது. அந்தப் பழியை வி8 தலையில் கட்டாதீர்கள்.

பட்டறைக்காரன்:
எடை இருக்கட்டும். ஜிடி வி8இல் பின் அச்சின் பல்சக்கர விகிதம் 3.07, சாதாரண எம்ஜிபியில் 3.9. அதை மாற்றாமல் வி8 மட்டும் வைத்தால் முதல் கியர் எதற்கும் உதவாது. முன் டிஸ்க்கும் அதில் தடிமன் கூடியது. 1971 உடலில் எஞ்சின் அறையையும் தட்டித் திருத்த வேண்டும். கேட்டவரிடம் இந்தச் செலவை யாராவது சொன்னீர்களா?

பிஸ்டன் பித்தன்:
பிரேக்கைப் பற்றி யார் கேட்டார்கள் ஐயா? 40 பவுண்டு குறைவு. அதற்குப் பதில் வரட்டும்.

ஓரப்பாதை:
நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியில் உள்ள இதே பி சீரிஸ் குடும்பம்தான். டாக்சி எஞ்சினுக்கா இத்தனை பூசை?

அசல்வாதி:
டாக்சி எஞ்சின் என்று இளப்பமாகச் சொல்கிறீர்களே, சிற்றூர் மெக்கானிக்கும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோத்தார். மலைப்பாதையில் முழுக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் அது இழுத்து ஏற்றியது. அப்படிப்பட்ட எஞ்சினை ஓவர்ஹால் செய்யச் சோம்பல்பட்டுத்தான் வி8 தேடுகிறீர்கள். பித்தன் அவர்களே, கார்புரேட்டர் விவாதத்திலும் இப்படித்தான் ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கடைசி வரை ஆதாரம் தரவில்லை.

பிஸ்டன் பித்தன்:
அங்கே நான் சொன்னது சரி. அதை இன்னும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து பழி தீர்க்கிறீர்கள். எனக்குச் சோம்பலா? பி சீரிஸ் எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்து என் விரல் நகத்தில் கறை போகவில்லை. பிரித்தவன் என்பதால்தான் சொல்கிறேன், அந்த இரும்புக் கட்டையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

பட்டறைக்காரன்:
தொழிற்சாலை வி8 வைத்தது கூரையுள்ள ஜிடியில் மட்டும். கேட்டவருடையது திறந்த ரோட்ஸ்டர்.

பிஸ்டன் பித்தன்:
1993இல் எம்ஜி பெயரில் வந்த ஆர்வி8 கார் என்னவாம்? திறந்த உடல்தான், எஞ்சின் 3946 சிசி. உடல் உடைந்தா விழுந்தது?

அசல்வாதி:
ஆர்வி8 எம்ஜிபியே அல்ல. முன் சஸ்பென்ஷனே வேறு.

பிஸ்டன் பித்தன்:
எம்ஜிபி உடலின் வழியில் வந்த கார் எம்ஜிபி அல்லவாம்! நேற்றுவரை எம்ஜிசியின் மூக்கை எம்ஜிபிக்கு ஒட்டியவர் இன்று வம்சம் பார்க்கிறார். பேச்சை மாற்ற வேண்டாம். வி8தான் கனம் என்றால் எடைச் சீட்டைக் கொண்டுவாருங்கள்.

அசல்வாதி:
40 என்று முதலில் சொன்னவர் நீங்கள். சீட்டு உங்களிடமிருந்துதான் வர வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி எடை போடுங்கள்.

பிஸ்டன் பித்தன்:
தண்ணீர் உங்கள் எஞ்சினுக்கும் உண்டு. 40 பவுண்டு குறைவு.