புதுப்பிப்பு: நம் மலைப் படங்களும் ஆஸ்கர் கணிப்பும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எடுக்கப்படும் ஆவணக் குறும்படங்களில் எது ஆஸ்கர் வரை போகலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். "ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெற, ஒரு திரைப்பட விழாவில் பரிசு வாங்கினால் போதாதா?" என்று பலர் கேட்டீர்கள்.

போதாது. அந்த விழா, ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் தகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும், பரிசும் அதில் குறிப்பிட்ட பிரிவில் கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அமெரிக்காவில் அகாடமி குறித்த நகரம் ஒன்றில் ஏழு நாள் தொடர்ந்து திரையிட வேண்டும். நீளம், பெயர் வரிசையும் சேர்த்து அதிகபட்சம் 40 நிமிடம். 41 ஆனால் முழுநீளப் பிரிவு, போட்டியே வேறு. விழாப் பரிசோ திரையிடலோ மூலம் தகுதி பெறும் முன் யூடியூபில் முழுப்படத்தையும் ஏற்றினால் தகுதி போய்விடும். நல்ல படங்கள் அநியாயமாக விழுவது இங்கேதான், தயவுசெய்து பொறுங்கள்!

முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் வென்றது இந்த ஆவணக் குறும்படப் பிரிவில்தான். சர்வதேச முழுநீளப் பிரிவுக்கு இந்தியா அனுப்புவது ஆண்டுக்கு ஒரே படம். அதனால் என் கணிப்பில் தமிழ் முழுநீளப் படங்களைக் கீழே இறக்கி, குறும்படங்களை மேலே ஏற்றியிருக்கிறேன். 15 படங்களின் முதற்பட்டியல் வந்ததும் மறுபடி திருத்துகிறேன்.