மறுமொழி: ஹோமியோடிக் மரபணு – தமிழில் என்ன சொல்லலாம்?

> "உறுப்பு மாற்று மரபணு" பொருத்தமாக இருக்கும். மூலச்சொல்லின் பொருளும் வந்துவிடுகிறது.

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உடலின் எந்தப் பகுதியில் எந்த உறுப்பு உருவாகவேண்டும் என்று தீர்மானிப்பவைதான் ஹோமியோடிக் மரபணுக்கள். அவற்றுக்கு மேலே சொன்ன பெயரில் எனக்கு உடன்பாடில்லை. உறுப்பு மாற்று என்றாலே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுநீரக அறுவை சிகிச்சைதான் நினைவுக்கு வரும். அதையாவது விளக்கிச் சமாளிக்கலாம். இந்த மரபணு ஒழுங்காக வேலை செய்யும்வரை எந்த உறுப்பும் மாறுவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். உயிரியலாளர் பேட்சன் 1894இல் ஹோமியோசிஸ் என்று பெயரிட்டபோது, ஓர் உறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் இன்னோர் உறுப்பு முளைத்திருந்த உயிரிகளைத்தான் பார்த்தார். மரபணு என்ற சொல்லே அன்று பிறக்கவில்லை. அந்தப் பெயரை அப்படியே பெயர்த்தால் பழுதின் பெயரைத்தான் மாணவருக்குத் தருவோம்.

ஆன்டெனபீடியா என்ற ஹோமியோடிக் மரபணு பிறழ்ந்த பழ ஈயை நுண்ணோக்கியில் காட்டிப் பாருங்கள். தலையில் உணர்கொம்புகள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "கால் செய்யும் ஜீன் கெட்டுப்போச்சா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அருமையான கேள்வி. கால் கெடவில்லை, முகவரிதான் கெட்டது. மார்பில் இயங்கவேண்டிய மரபணு தலையிலும் இயங்கியதால், அங்குள்ள செல்கள் தாங்கள் மார்பில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு காலை உருவாக்கிவிட்டன. வளர்ச்சி உயிரியலின் மையக் கருத்தே இதில் அடங்கிவிடுகிறது: செல்லுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தாக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை இடங்குறி மரபணு. நிறங்காட்டி, திசைகாட்டி போலப் படித்ததும் வேலை புரியும்.

> இடத்தைச் சொல்வது பைகாயிட் புரதமும்தானே? குழப்பம் வராதா?

சரியான கேள்வி. பைகாயிட் என்ற புரதம் பழ ஈ முட்டையின் முன்முனையில் செறிந்து, பின்னே போகப்போகக் குறையும். அந்த ஏற்றத்தாழ்வுதான் இடத்தை உணர்த்துகிறது. ஆனால் சில மணி நேரத்தில் அது மறைந்துவிடும். ஹோமியோடிக் மரபணுக்கள் அதன் பின்னும் ஒவ்வொரு பகுதியின் அடையாளத்தையும் காத்து நிற்கின்றன. குறி என்ற சொல்லில் அந்த நிலைபேறு இருக்கிறது. பைகாயிட் வகைக்கு முன்பு பேசிய உருவூக்கி (மார்ஃபோஜென்) என்ற சொல்லே இருக்கட்டும்.

உடல் துண்டங்களான கண்டங்களை வைத்து "கண்டக்குறி" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஈக்குப் பொருந்தும், எலிக்கு இடிக்கும். எலியில் உள்ள ஹோமியோடிக் மரபணுக்களான ஹாக்ஸ் 10 மரபணுக்களை முழுவதும் நீக்கினால் இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளிலும் விலா எலும்பு முளைக்கிறது. ஈக்கும் எலிக்கும் ஒரே குடும்பத்து மரபணுக்கள் என்பது மாணவர்கள் வாய்பிளக்கும் இடம். சொல் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது. 1995 நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான லூயிஸ் ஆராய்ந்த, இரண்டுக்குப் பதில் நான்கு சிறகு கொண்ட பழ ஈயையும் இதே சொல்லால் விளக்கிவிடலாம்.

அப்புறம், ஹோமியோசிஸுக்கு இடப்பிறழ்வு என்று வைக்கலாமா? இடப்பெயர்வு வேண்டாம், குரோமோசோம் துண்டுகள் இடம்பெயர்வதோடு குழம்பும். ஹாக்ஸ் என்பது குடும்பப் பெயர், அதை அப்படியே விட்டுவிடுவோம்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.