பாட்டு ரெடி, எந்த டிஸ்ட்ரிபியூட்டர்? வர்ற வெள்ளி ரிலீஸ், அவசரம்!!

முருகேஷ்பாளையா_பேண்ட்:
பெங்களூர்ல நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டு பண்ணியிருக்கோம், "மழைக்கு முன்ன". தமிழ், கன்னடம் ரெண்டு வெர்ஷன். மாஸ்டர் (இறுதி ஆடியோ) வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை எல்லா மியூசிக் ஆப்லயும் வரணும், அதுக்கு பாட்டை ஆப்களுக்கு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் வேணும். டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர், சிடி பேபி, எது சீப்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

தவில்_தம்பி:
சொந்த ட்யூனா, கவரா? பீட் (பின்னணி இசை) யாரோடது? வருஷத்துக்கு எத்தனை பாட்டு போடுவீங்க? முன்னாடி எங்கயாவது ஏத்தியிருக்கீங்களா?

சிவாஜிநகர்_சவுண்ட்:
டிஸ்ட்ரோகிட். கண்ண மூடிட்டுப் போடுங்க. வருஷத்துக்கு ஒரே கட்டணம், எத்தனை பாட்டு வேணா ஏத்தலாம்.

லூப்_லோகு:
மாசம் நாலு தடவை இதே கேள்வி. மேல இருக்கிற தேடல் பெட்டி என்ன அலங்காரத்துக்கா?
கண்ண மூடச் சொன்னவருக்கும் சேர்த்து: டிஸ்ட்ரோகிட்டோட அடிமட்ட பிளான்ல ரிலீஸ் தேதியை நீங்க வைக்கவே முடியாது. வெள்ளிக்கிழமைன்னு கேக்குறவருக்கு அதையா காட்டுவீங்க? சந்தாவ நிறுத்தினா பாட்டு இறங்கிடும். இறங்காம இருக்க ஒவ்வொரு ரிலீஸுக்கும் தனியா கட்டணும். சிடி பேபில ரிலீஸுக்கு ஒரு தடவை கட்டினா போதும், ஆனா வர்ற காசுல 9% அவங்களுக்கு. ரூட்நோட் இலவசத் திட்டத்துல 15%. வருஷத்துக்கு ஒரு பாட்டுன்னா சந்தா தண்டம். மாசம் ஒண்ணு போட்டா சந்தாதான் லாபம். அவ்வளவுதான் கணக்கு.

சிவாஜிநகர்_சவுண்ட்:
லோகு சார், நல்லபடியா சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா?

முருகேஷ்பாளையா_பேண்ட்:
சொந்த ட்யூன்தான். பீட் ஒரு சைட்ல லீஸ் வாங்கினோம். போன வருஷம் ஒரு சிங்கிள் ஏத்தினோம், இலவச சர்வீஸ் ஒண்ணுல. எங்க பேர்லயே டெல்லில ஒரு டீஜே இருக்கார் போல, பாட்டு அவரோட ஆர்ட்டிஸ்ட் பேஜ்ல போய் உக்காந்துடுச்சு. மெயில் போட்டா பதிலே இல்ல. அதையும் மாத்தணும்

நித்யா_மிக்ஸ்:
இதையெல்லாம் முதல்லயே சொல்லியிருக்கலாமே 🙂

லீஸ் பீட்டா? அப்ப எந்த சர்வீஸ் எடுத்தாலும் யூட்யூப் கன்டென்ட் ஐடிக்கு (உங்க ஆடியோ வேற வீடியோல வந்தா தானா கண்டுபிடிக்கிற முறை) டிக் போடாதீங்க. அதே பீட்டை இன்னும் பத்து பேர் வாங்கியிருப்பாங்க. நீங்க பதிவு பண்ணா அவங்க வீடியோல எல்லாம் உங்க பேர்ல க்ளெய்ம் விழும், பீட் பண்ணவர் வீடியோலயும் விழும். லீஸ் பத்திரத்துல ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கான்னும் பாருங்க.

வெள்ளிக்கிழமையை மறந்துடுங்க. பிளேலிஸ்ட்ல சேக்கச் சொல்லி ஸ்பாட்டிஃபை எடிட்டர்களுக்கு பிட்ச் பண்ண, வெளிவராத பாட்டாதான் இருக்கணும், ரிலீஸுக்குக் குறைஞ்சது 7 நாள் முன்னாடி பண்ணணும். அந்த 7 நாள், பாட்டு அவங்க டாஷ்போர்டுல வந்து சேர்ந்த பிறகு. அதனால 4 வாரம் தள்ளி தேதி வைங்க. கவர் படம் 3000க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி. அதுல இன்ஸ்டா ஐடி எழுதினா திருப்பி அனுப்புவாங்க. ஆடியோ வேவ் ஃபைல். எம்பி3யை வேவா மாத்தி ஏத்தாதீங்க.

கன்னட வெர்ஷன் தனி ரெக்கார்டிங், அதனால தனி ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் உள்ள அடையாள எண்). மொழியையும் கன்னடம்னு தனியா குறிங்க. ரெண்டுக்கும் தமிழ்னு போட்டா ஜியோசாவன்ல கன்னடப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது.

தவில்_தம்பி:
பழைய சிங்கிளை மாத்துற வரிசை முக்கியம். முதல்ல பழைய டாஷ்போர்டுல 12 எழுத்து ஐஎஸ்ஆர்சியை எடுத்துக்கங்க. கியூஇசட்னு ஆரம்பிச்சாலும் கவலைப்படாதீங்க, அது அமெரிக்க முன்னொட்டு. புது சர்வீஸ்ல அதே ஆடியோ, அதே தலைப்பு, அதே ஐஎஸ்ஆர்சி. 'புதுசா எண் கொடு'ன்னு விட்டுட்டா பழைய ப்ளே எண்ணிக்கை போச்சு. பழசு, புதுசு ரெண்டும் ஆப்ல தெரிஞ்ச பிறகுதான் பழசை இறக்கணும். அவசரப்பட்டு முன்னாடியே இறக்கினா பிளேலிஸ்ட்ல இருந்தெல்லாம் கழண்டுடும்.
ஏத்தும்போது 'இந்தப் பேர்ல புது ஆர்ட்டிஸ்ட்'னு தேர்ந்தெடுங்க, டெல்லிக்காரர் பக்கம் போகாது.

லூப்_லோகு:
தலைப்பை இங்கிலீஷ் எழுத்துல போடும்போது ழவுக்கு இசட்-எச் வேண்டாம். யாரும் அப்படித் தேடுறதில்ல.

நித்யா_மிக்ஸ்:
எல் போட்டா மழை மலையாயிடும். தமிழ் எழுத்துலயே போடுங்க.

லூப்_லோகு:
போடலாம். பெங்களூர்ல பாதி பேர் போன்ல தமிழ் கீபோர்டே கிடையாது. எப்படித் தேடுவாங்க?

சிவாஜிநகர்_சவுண்ட்:
குரல்ல தேடுவாங்க. லோகு சார் இன்னும் கேசட் காலத்துலயே இருக்கார்.

லூப்_லோகு:
குரல்ல "மழை"ன்னு சொல்லிப் பாருங்க. என்ன வருதுன்னு ஸ்க்ரீன்ஷாட் போடுங்க. காத்திருக்கேன்.

தவில்_தம்பி:
ழ சண்டை நடக்கட்டும். பேண்ட் ப்ரோ, டபிள்யூ-8பென்னு ஒரு அமெரிக்க வரி ஃபார்ம் கேப்பாங்க, தள்ளிப் போடாதீங்க. அது இல்லன்னா அமெரிக்காவுல இருந்து வர்ற ராயல்டில 30% பிடிப்பு. பான் எண் கொடுத்து, இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தைக் குறிச்சா 15%. அப்புறம் 1000 ப்ளே கணக்கு: ஒரு பாட்டுக்கு 12 மாசத்துல 1000 வரலைன்னா ஸ்பாட்டிஃபை காசு தராது. அதுக்காக ப்ளே விக்கிற ஆளுங்ககிட்ட போகாதீங்க, பாட்டே இறங்கும். பாட்டு எழுதினவரும் ட்யூன் போட்டவரும் ஐபிஆர்எஸ்ல (அவங்களுக்கு ராயல்டி வசூலிச்சுத் தர்ற அமைப்பு) தனியா சேரணும். அந்தக் காசு டிஸ்ட்ரிபியூட்டர் வழியா வராது.

முருகேஷ்பாளையா_பேண்ட்:
நன்றி எல்லாருக்கும். சிடி பேபி எடுத்தாச்சு, தேதி 5 வாரம் தள்ளியாச்சு. கன்டென்ட் ஐடி டிக் எடுத்துட்டோம். பழைய சிங்கிளையும் ஏத்திட்டோம், அதே ஐஎஸ்ஆர்சி. கூடவே புது மிக்ஸ் பண்ணோம், இன்ட்ரோ 20 செகண்ட் குறைச்சுட்டோம், இப்ப செம்மயா இருக்கு 🔥

நித்யா_மிக்ஸ்:
ஐயோ. புது மிக்ஸ்னா அது வேற ரெக்கார்டிங், அதே எண் போடக்கூடாது. நீளமும் மாறிடுச்சு, பழைய எண்ணிக்கையோட சேராது. சமர்ப்பிச்சுட்டீங்களா, இன்னும் திருத்துற நிலையில இருக்கா?

தவில்_தம்பி:
ப்ரோ?