லெயோ ஃபெரேயின் 1961 இசைத்தட்டில் ஒரே இடத்தில் ஊசி தாவுகிறது

1946இன் இறுதியில் பாரிஸ் காபரேக்களில் தாமே பியானோ வாசித்துப் பாடத் தொடங்கி, 1957இல் கவிஞர் பொதலேரின் கவிதைகளுக்கு ஒரு முழு இசைத்தட்டையே ஒதுக்கிய பிரெஞ்சு மொழிப் பாடகர் லெயோ ஃபெரே, பிரெஞ்சுக் கவிஞர் அரகோனின் பத்துக் கவிதைகளுக்கு இசையமைத்து 1961இல் பார்க்லே நிறுவனம் வழியாக வெளியிட்ட தட்டின் மோனோ (ஒற்றை ஒலித்தட) பிரதி, சென்ற மாதம் பாரிஸின் பழம்பொருள் சந்தை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. 1944 பிப்ரவரி 21 அன்று மோன்-வலேரியனில் ஜெர்மானியர் சுட்டுக்கொன்ற, நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய மனுஷியான் குழுவினரைப் பற்றிய ‘லாஃபிஷ் ரூஜ்’ பாடலின் முடிவில் மட்டும் ஊசி பின்னோக்கித் தாவி, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது.

காய்ச்சி வடித்த நீரும் மென்தூரிகையும் கொண்டு இருமுறை கழுவினேன், ஊசியைப் புதிதாக மாற்றினேன், அழுத்தத்தை 1.8 கிராமிலிருந்து 2.2 வரை உயர்த்தினேன். நண்பர் வீட்டுக் கருவியிலும் அதே இடத்தில்தான் தாவுகிறது. மற்றத் தட்டுகள் இரு கருவிகளிலும் ஒழுங்காக ஓடுகின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், தடங்களைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மயிரிழைக் கீறல் ஒன்று தெரிகிறது. மறுபதிப்பில் கேட்கலாமே என்பார்கள். இந்த மோனோவில் அக்குரல் முகத்துக்கு நேரே நிற்பது வேறு.

மோனோ தடங்களுக்கான கூம்பு முனை ஊசியைப் பொருத்தி, இத்தகைய கீறலைக் கடந்தவர் எவரேனும் இங்கு உண்டா?