சாங்கி ஓடுபாதையில் நிற்க வேண்டிய விமானம் கடலுக்கு மேல் தொடங்குகிறது

கேள்வி (தெம்பனிஸ்வாசி):

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறை முடிவதற்குள், ஃப்ளைட்கியர் என்ற விமானம் ஓட்டும் பாவனை மென்பொருளில் செஸ்னா 172 விமானத்தைச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளப்பி ஒரு சுற்று வந்து இறக்க என் மகனுக்குக் கற்றுக்கொடுக்க விரும்புகிறேன். தொடக்கக் கட்டளையில் விமான நிலையத்தையும் 02 இடது ஓடுபாதையையும் சரியாகவே குறிப்பிடுகிறேன். ஆயினும் விமானம் ஒவ்வொரு முறையும் தீவுக்குத் தெற்கே 2,500 அடி உயரத்தில் தோன்றி, போதிய வேகமில்லாமல் மூக்கைத் தாழ்த்திக் கடலில் விழுகிறது. லினக்ஸ் கணினியில் மென்பொருளை அகற்றி மீண்டும் நிறுவியும் பயனில்லை.

பதில் (வான்வழி):

வணக்கம் ஐயா. மறுநிறுவலுக்குப் பின்னும் கோளாறு மாறவில்லை என்பதே நல்ல தடயம். உங்கள் வீட்டுக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவான அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கக்கூடும். மறுநிறுவல் அதைத் தொடுவதில்லை. முன்பு எப்போதாவது தரையிறங்கும் பயிற்சிக்காக அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகியவற்றை அதில் எழுதி வைத்தீர்களா? தொடக்க இடத்தை முடிவுசெய்யும்போது மென்பொருள் முதலில் ஆயத்தொலைவுகளையும், அவை இல்லாவிட்டால் நிறுத்துமிடத்தையும், அதுவும் இல்லாவிட்டால்தான் ஓடுபாதையையும் பார்க்கிறது. ஆகவே பழைய வரிகள் இருக்கும்வரை 02 இடது என்று நீங்கள் எழுதுவதற்கு மதிப்பே இராது. உயர வரியையும் மறவாமல் நீக்குங்கள்.

தெம்பனிஸ்வாசி:

மிக்க நன்றி. சென்ற ஆண்டு நானே எழுதிய 1.2, 103.9 என்ற எண்களும் 2,500 என்ற உயரமும் அங்கேதான் இருந்தன. நீக்கிவிட்டேன். இப்போது விமானம் விழவில்லை; ஆனால் சுற்றிலும் நீலக் கடல், ஓடுபாதையைக் காணவில்லை.

பதில் (சிலேத்தார் மாணவர்):

ஐயா, இடம் சரியாகிவிட்டது. நிலக்காட்சிதான் இன்னும் வந்து சேரவில்லை. நிலக்காட்சித் தரவு இல்லாத இடத்தை ஃப்ளைட்கியர் வெறும் கடலாகவே வரையும். நிலக்காட்சியைத் தானாகப் பதிவிறக்கும் டெராசிங்க் வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பின்னர் நிலக்காட்சிக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஒரு பாகைக்கு ஒரு துணைக்கோப்புறை என்ற கணக்கில் அவை பிரிக்கப்பட்டிருக்கும். சாங்கியின் தீர்க்கரேகை ஏறத்தாழ 103.99 என்பதால் கிழக்கு 103, வடக்கு 1 என்ற பெயருடையது கட்டாயம் வேண்டும். 104ஆம் பாகைக் கோடு அருகிலேயே செல்வதால் அடுத்ததும் இருப்பது நல்லது. என் கணினியில் முதல் கோப்புறை காலியாகக் கிடந்தபோது இதே நீலம்தான் தெரிந்தது.

தெம்பனிஸ்வாசி:

டெராசிங்க் அணைந்திருந்தது. இயக்கிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்த பின் மறுபடி தொடங்கினேன். மூக்குக்கு நேரே வெள்ளை எழுத்தில் 02 தெரிந்ததும் மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.