ஃபிரிட்ஜோடு கரப்பானும் வந்துவிடுமா? வீடு மாற 3 வாரம்தான் இருக்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சமையலறையில் இருப்பது சின்ன ரகம், ஜெர்மன் கரப்பான். அரை அங்குலம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. சாக்கடையிலிருந்து ஏறிவரும் பெரிய சிவப்புக் கரப்பானைவிட இதுதான் வில்லங்கம். ஒரு முட்டைக்கூட்டில் 30-40 குஞ்சு. பொரியப்போகும் வரை தாயே அதைச் சுமந்து திரியும்.

கீல், அலமாரி மூலை, சிங்க் அடியில் ஃபிப்ரோனில் ஜெல் (கரப்பான் தின்று சாகும் விஷப்பசை) சிறு சிறு புள்ளியாக வைத்தாயிற்று. அந்தப் பக்கம் ஸ்பிரே அடிப்பதில்லை. அடித்தால் ஜெல்லைத் தொடாமல் சிதறி ஓடும். சாமான் கட்ட மளிகைக்கடை அட்டைப்பெட்டியும் வேண்டாம், அட்டையின் நெளிவுக்குள் குஞ்சு புகுந்துகொள்ளும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான்.

சிக்கல் மின்சாதனங்களில். சூடும் இருட்டும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். மிக்ஸி, ரூட்டர் இரண்டையும் ஜெல் தடவிய அட்டைத்துண்டோடு பாலிதீன் பையில் கட்டி வைக்கலாம். முட்டையை ஜெல் ஒன்றும் செய்யாது, ஆனால் பொரிந்த குஞ்சு தின்று சாகும். எத்தனை நாள் கட்டிவைத்தால் போதும்?

ஃபிரிட்ஜைப் பையில் போட முடியாதே! பின்மூடியைக் கழற்றி, கம்ப்ரசர் மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டைக் கழுவி, வாக்குவம் போட்டால் போதுமா? கதவு ரப்பர் மடிப்புக்கு சோப்புத் தண்ணீர் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். புது வீட்டில் சாமான் இறங்கும் முன்பே ஒட்டுப்பொறி வைப்பதில் பயன் உண்டா?