அவசரத்துக்கு அடிச்ச போன் எங்க போய் விழுந்துச்சு? நம்ம கடற்கரைக்காரங்க சொல்லுங்க

பாம்பன்காத்து:
தனுஷ்கோடி அரிச்சல்முனை, உச்சி வெயில். என் வேன்ல வந்த பெரியவர் ஒருத்தர் அப்படியே சுருண்டு விழுந்துட்டார், 108 அடிக்கிறேன், சிங்களத்துல ஒரு பொண்ணு ரெக்கார்டிங் பேசுது! ரோமிங் ஆன்ல கெடந்துருக்கு, போன் தானா இலங்கை டவருக்குத் தாவிருச்சு. சுத்தி நின்னவங்க போன்லயும் அதே கதை. கடைசில மீன் வறுக்குற அக்கா பட்டன் போன்ல தான் லைன் கெடச்சுது.

பெரியபட்டினம் பாய்:
உங்களுக்கு வேற நாடு, எனக்கு வேற மாவட்டம். உம்மாவுக்கு நெஞ்சு வலி, 108 அடிச்சேன், அங்க போன எடுத்த பொண்ணுகிட்ட முத்துப்பேட்டை பக்கம்னேன், "திருவாரூர் மாவட்டமா சார்"ங்குது. இல்லம்மா ராம்நாடு ராம்நாடுன்னு கத்துறேன், உம்மா என் கையப் புடிச்சு "மெதுவா பேசு வாப்பா"ங்கறாங்க. வலி அவங்களுக்கு! இப்ப நல்லா இருக்காங்க, அல்ஹம்துலில்லாஹ். ஏர்வாடிக்காரங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு, திருநெல்வேலி பக்கமும் ஒரு ஏர்வாடி இருக்கே.

திண்ணைவாசி:
டவர வச்சே ஊரு தெரிஞ்சுருமே. பதட்டத்துல நீங்க தான் மாத்திச் சொல்லிருப்பீங்க.

டவர்மேன்:
தெரியாது திண்ணை. எனக்கு இப்படி எதுவும் நடக்கல, ஆனா டவர் வேலை பாத்தவன், அதனால சொல்றேன். டவர் வச்சு கால் எந்த கன்ட்ரோல் ரூமுக்குப் போகணும்னு தான் முடிவாகும், ஆள் நிக்கிற தெரு அதுல வராது, நம்ம கரையில ஒரு டவர் பல கிலோமீட்டர் பாக்கும், அதுல பாதி கடல். இங்கிலாந்துல 2014லயே ஏஎம்எல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அவசர கால் போட்டதும் போனே ஜிபிஎஸ் எடுத்து அனுப்பிரும். இங்க நாமளே சொல்றது தான் நல்லது, முதல்ல மாவட்டம், அப்புறம் தாலுகா, அப்புறம் ஊரு. தனுஷ்கோடி போறவங்க ரோமிங்க ஆஃப் பண்ணி நெட்வொர்க்க மேனுவல்ல வைங்க. நம்ம சிம்முக்கு சிக்னல் இல்லன்னாலும் பொது அவசர நம்பர் 112 வேற கம்பெனி டவர்ல ஏறும். கடல்ல போறவங்க 1554 கோஸ்ட் கார்டு, 1093 மரைன் போலீஸ், ரெண்டையும் சேவ் பண்ணுங்க. பவர் பேங்க்கும் எடுத்துட்டுப் போங்க.

வல்லம்காரன்:
அண்ணே, ஆழத்துக்குப் போயிட்டா டவரே கெடையாது, எந்த நம்பர அடிக்க? எங்க மச்சான் இன்ஜின் நின்னு ராத்திரி பூரா நீவாட்டுல, அதான் கடல் நீரோட்டத்துல, இழுபட்டான். விஎச்எஃப் வயர்லெஸ்ல சேனல் 16ல ஜிபிஎஸ் புள்ளியச் சொல்லி, பக்கத்து போட்டுக்காரங்க தான் கயிறு கட்டி இழுத்தாங்க.

பெரியபட்டினம் பாய்:
திண்ணைவாசி, பொறந்து வளந்த பக்கத்த மாத்திச் சொல்லுவேனாய்யா?

பாம்பன்காத்து:
டவர்மேன் அண்ணே, அந்த மேனுவல் செட்டிங் ஐபோன்ல எங்க இருக்கு? நாளைக்கு மறுபடி அரிச்சல்முனை டிரிப்.